பந்தல் கால் இற்றால் வரப்பு மரமும் போகும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் பாகல், புடலைப் பந்தல்களைச் சுற்றி வந்தால் ஓர் உண்மை விளங்கும். சாய்ந்து கிடக்கும் கால்களின் மேற்பகுதி உறுதியாகவே இருக்கும். தரைமட்டத்தில் மட்டும் இற்று ஒடிந்திருக்கும். காய்ப்பில் உள்ள கொடியோடு பந்தல் விழுந்தால் நட்டம் காலின் விலையோடு நிற்பதில்லை; ஒரு பருவத்து வருமானமே மண்ணில் கிடக்கும். "மரம் இவ்வளவு நாள்தான் உழைக்கும்" என்று உழவர் புதுக்கால் வாங்கப் போகிறார். அல்லது வரப்பில் நிற்கும் இளமரத்தை வெட்டுகிறார்.

குற்றம் மரத்தின் மேல் இல்லை. மரத்தை மக்கச் செய்வது பூஞ்சாணம். அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு. மேலே வெயிலில் ஈரம் காய்ந்துவிடும். தரையை ஒட்டிய சில அங்குலத்தில்தான் இரண்டும் எப்போதும் இருக்கின்றன. கறையானும் அவ்வழியே ஏறுகிறது. ஆகவே காக்க வேண்டியது அந்த ஓர் அடியைத்தான்.

முதலில் மரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பலாகாது. இளந்தேக்குக் கழியில் பெரும்பகுதி வெளிறு. வைரத்துக்குள்ள வலிமை வெளிறுக்கு இல்லை. சவுக்கு மேலே போடும் குறுக்குக் கழிகளுக்கு ஏற்றது. மண்ணில் புதைத்தால் நெடுநாள் நில்லாது. புதைப்பதற்கு வைரம் பாய்ந்த கருவேல், தேக்கு, முற்றிய பனை ஆகியவையே தக்கவை.

வெட்டிய கழியைப் பச்சையாக நடுவது பெருந்தவறு. பட்டையை உரித்து, தரையில் படாமல் கல்லின்மேல் நிழலில் அடுக்கி, இடையிடையே குச்சி வைத்து மூன்று, நான்கு மாதம் உலர்த்த வேண்டும். நன்கு காய்ந்தபின் அடிமுனையிலும், தரைக்கு மேல் அரை அடி வரையிலும், சூடாக்கிய தாரையோ முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயையோ இருமுறை பூசலாம். அந்த எண்ணெய் தோலைப் பொத்துவிக்கும், கையுறை அவசியம். ஈரக் கழியில் தார் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, கால் விரைவில் இற்றுப்போகும். அடியைத் தீயில் கருக்கினால் போதும் என்பாரும் உண்டு. கரி மேல்தோலோடு நின்றுவிடுகிறது. வெடிப்பின் வழியே ஈரம் உள்ளே புகும். பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது காய்கறி விளையும் மண்ணைக் கெடுக்கும்.

குழியின் அடியில் சரளை இட்டு, காலைச் சுற்றி மண்ணை வெளிப்புறம் சரிவாக அணைத்தால் நீர் தங்காது. காலின் தலையையும் சாய்வாக வெட்ட வேண்டும். சிறு கல் துண்டையோ சிமெண்டுத் துண்டையோ புதைத்து, அதனோடு மரக்காலை இரும்புப் பட்டையால் பிணைத்துத் தரைக்கு மேல் நிறுத்துவது இவை எல்லாவற்றினும் மேல். ஆண்டுதோறும் புரட்டாசியில் அடிமண்ணை விலக்கிக் கத்தி முனையால் குத்திப் பார்த்து, உறுதியான காலைக் காயவிட்டு மீண்டும் பூச வேண்டும்.

முழுக் கல்லுக்கால் நட்டால் இத்தனை பாடு ஏன் எனலாம். வசதி உள்ளவர் நடட்டும். ஓர் ஏக்கர் உழவருக்கு அத்தனை பணத்தை ஒரே நாளில் புரட்டுவது எளிதன்று. வரப்பு மரமோ அவர் பயிரோடு பயிராக வளர்வது. வேலிக்கு மரக்காலே தேவையில்லை. கொங்கு நாட்டுக் கிளுவை உயிர்வேலி இதற்குச் சான்று.

2014இல் மத்திய அரசு வேளாண்காடுகளுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-22இல் பசுமைப் போர்வைத் திட்டம் தொடங்கி, விளைநிலங்களில் நட மரக்கன்றுகள் தரப்பட்டன. நல்ல பணியே. ஆனால் கன்று நடுவதைப் பேசும் அளவுக்கு, வெட்டிய மரத்தைக் காப்பது பேசப்படுவதில்லை. மூன்றாண்டு நிற்கும் கால் ஆறாண்டு நின்றால், வெட்ட வேண்டிய மரம் பாதியாகக் குறையும். அந்த மீதி மரம் வரப்பிலேயே நின்று வைரம் பாயும். மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ கைகொடுப்பது அதுவே.