பாவம், மின்கசிவு!

எங்கே வீடு எரிந்தாலும் மறுநாள் பேப்பரில் ஒரே வரிதான்: 'மின்கசிவு காரணமாகத் தீ.' பாவம் மின்கசிவு, வாயில்லாப் பூச்சி. ஏன் கசிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நான் சொல்கிறேன். 1975-ல் கட்டிய வீடு. நாலு லைட், ரெண்டு ஃபேன், ஒரு ரேடியோ என்று கணக்குப் போட்டு இழுத்த ஒயர். இன்று அதே ஒயரில் 2000 வாட் கீஸர்! அது ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கூடவே ஏ.சி. வேறு. சூடேறிச் சூடேறி, ஒயரின் மேலுறை தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது.

வீடு சும்மா இருக்கிறதா? கத்துகிறது! மிக்ஸி போட்டால் லைட் மங்குகிறது. சுவிட்ச் போர்டு சுடுகிறது. பிளக் ஓட்டையைச் சுற்றிக் காபிக்கறை மாதிரி பழுப்பு. ஃப்ரிட்ஜைத் தொட்டால் 'சுருக்'. நாமோ, 'செருப்பு போட்டுக்கிட்டு தொறங்க' என்று விருந்தாளிக்கு டிப்ஸ் கொடுக்கிறோம்.

அடிக்கடி ஃப்யூஸ் போகிறதா? தடிமனான செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, 'இனிமே போகவே போகாது' என்று மார்தட்டுகிறார் வீட்டுக்காரர். போகாதுதான். அதற்குப் பதில் சுவருக்குள் ஒயர் உருகும். (உங்கள் வீட்டில் கட்டியது யார் என்று நான் கேட்கவில்லை.)

டைல்ஸுக்கு லட்சங்களைக் கொட்டுகிறவர், ஒயரிங் என்றதும் 'சுவரை உடைக்கணுமே' என்கிறார். பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு புரியவில்லை. ஒயர் விருந்தாளி கண்ணில் படாது, அதானே?

லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரன்ட்டை வெட்டும் ஆர்.சி.சி.பி.யை மாட்டுங்கள். அடிக்கடி விழுந்தால் 'அந்தச் சனியனைக் கழட்டுப்பா' என்று கத்தாதீர்கள். எல்லா சாமான்களையும் பிடுங்கிய பிறகும் விழுகிறதா? குற்றவாளி உங்கள் ஒயர்தான்.