கரி பச்சையாகும் தோலில் வாட்டர்கலர்

சில வீடுகளில் பாட்டிமார் முன்கையில் இன்னும் பார்க்கலாம். ஒரு புள்ளிக் கோலம், ஒரு தேள், எழுத்துக்கூட்டி எழுதியதுபோல் கோணலாக ஒரு பெயர். திருவிழாச் சந்தையில் குறவர் இனப் பெண் ஊசியால் குத்தி ஏற்றியது விளக்குக் கரி. அதோடு ஊருக்கு ஊர் மாறும் ஏதோ ஓர் இலைச்சாறு. குத்தும்போது மை கன்னங்கரேலென்றுதான் இருந்தது. புண் ஆறியபின் கையில் தெரிந்ததோ நீலம் பாய்ந்த பச்சை. கரியைக் குத்திவிட்டு அதைப் ‘பச்சை குத்துவது’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். யாருக்கும் அது முரணாகப் படவில்லை.

வெளிச்சம் செய்யும் வேலை இது. தோலுக்குள் புகும் ஒளியில் சிவப்புப் பக்கத்து அலைகள் ஆழம்வரை இறங்கிக் கரித்துகளில் மாட்டிக்கொள்கின்றன. நீலப் பக்கத்து அலைகள் பாதி வழியிலேயே சிதறித் திரும்பிவிடுகின்றன. மணிக்கட்டில் ஓடும் ரத்தக்குழாய் நீலமாகத் தெரிவதற்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆக, புட்டியில் பார்க்கும் நிறம் வேறு, தோலுக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும் நிறம் வேறு. பாட்டிக்குப் பழக்கமான இந்தச் சங்கதி, பேத்தி கையிலிருக்கும் போனுக்குத் தெரியாது.

போனில் இருப்பது ஒரு ஹம்மிங்பேர்ட். சென்னையில் ஒரு டாட்டூ ஸ்டுடியோவில், வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கிய கையோடு வந்திருக்கும் பெண் அதை நீட்டுகிறாள். உடம்பு இளஞ்சிவப்பு, இறக்கை வெளிர்நீலம், வாலிலிருந்து மஞ்சளும் லாவண்டரும் சொட்டுச் சொட்டாக வழிகின்றன. கருப்புக் கோடு மருந்துக்கும் இல்லை. படத்திலுள்ள கை பால் வெள்ளை. நிறத்தைச் சுற்றித் தோல் சிவந்து கிடப்பதைப் பார்த்தால், ஊசியை எடுத்த சூட்டோடு எடுத்த படம் என்பது புரியும். இதேபோல வேண்டும், அண்ணா, என்கிறாள்.

அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாளில் தண்ணீரோடு கரைந்து ஓடும் வண்ணத்தை உடம்பில் கொண்டுவரும் ஆசை, டாட்டூக் கலையை ஒரு நெடுங்கால இறுக்கத்திலிருந்து அவிழ்த்துவிட்டது. அமெரிக்கக் கடலோடிகளுக்கு ஹொனலுலுவில் நங்கூரமும் தகைவிலான் குருவியும் போட்டுத்தந்த ‘செய்லர் ஜெர்ரி’ என்ற நார்மன் காலின்ஸ் காலத்துப் பாணியில் தடித்த கருப்புக் கோடுதான் ராஜா. அதற்குள் நாலைந்து நிறங்கள் அடங்கி உட்கார்ந்திருக்கும். கோடு தடித்தால்தான் தாங்கும் என்பது அந்தத் தொழிலின் பழமொழி. அந்தக் கோட்டையே தூக்கிப்போட்டு, தூரிகை இழுப்பை மட்டும் தோலில் பதித்தவர்களில் முன்னோடி நியூயார்க்கின் அமாண்டா வாகோப். செக் நாட்டின் ஓன்ட்ராஷ் தெறிப்பும் வழிசலுமாக வேறொரு வழியில் போனார். இவர்கள் வேலையைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க வாட்டர்கலர் என்ற பெயரே டாட்டூக் கடைகளில் புழக்கத்துக்கு வந்தது.

கோளாறு பாணியில் இல்லை. இன்னொருவர் தோலுக்கு வரைந்ததை அப்படியே எடுத்து இந்தத் தோலில் ஒட்டச் சொல்வதில் இருக்கிறது.

வாட்டர்கலர் ஓவியருக்கு விளக்கே அந்த வெள்ளைத் தாள்தான். மெல்லிய வண்ணத்தின் வழியாக ஒளி இறங்கித் தாளில் பட்டுத் திரும்புவதால்தான் அந்தப் பளிச். டாட்டூவில் இது தலைகீழ். ஓவியர் தாளின்மேல் பூசுகிறார். டாட்டூ ஆர்ட்டிஸ்ட் தாளுக்கு அடியில் பூசுகிறார். மை 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், தோலின் உள்ளடுக்கில் தங்குகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் இருப்பது அதற்கு மேலே உள்ள அடுக்கில். மாநிறத் தோலில் எந்த வண்ணத்தையும் பார்ப்பது டீ கிளாஸ் வழியாகப் பார்ப்பது மாதிரி. வெளிர் மஞ்சள், லாவண்டர், குழந்தைச் சட்டை ரோஸ் எல்லாம் அந்த டீயில் கரைந்து போய்விடும். ஆழ்ந்த சிவப்பு, அடர் நீலம், கரும்பச்சை, கத்திரிப்பூ நிறம் நிற்கும்.

இதைச் சாக்காக வைத்து, ‘நம்ம ஸ்கின்னுக்குக் கலர் செட் ஆகாது, பிளாக் மட்டும் போட்டுக்கங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் ஸ்டுடியோக்கள் உண்டு. அது சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும். பழுப்புத் தாளில் வரையும் ஓவியர், தாள் வெள்ளையாக இல்லையே என்று அழுவதில்லை. பழுப்பையே ஒரு நிறமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதைவிட அடர்த்தியானதை வைத்து விளையாடுகிறார்.

அந்தப் பெண்ணின் படத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களின் பறவை, இந்தியாவில் கிடையாது. ஏரிக்கரை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தி இருக்கிறது. முதுகும் இறக்கையும் கண்ணைப் பறிக்கும் நீலம், அலகு பவளச் சிவப்பு, தலையும் வயிறும் சாக்லேட் பழுப்பு. மாநிறக் கைக்கென்றே அளவெடுத்த பறவை. தலைக்கு மை ஏற்றவே வேண்டாம். கண்ணையும் ஓரத்தையும் கருப்பால் நிறுத்திவிட்டுத் தோலின் பழுப்பை அப்படியே விட்டுவிடலாம். நீலத்தை மட்டும் இறக்கை நுனியிலிருந்து வழியவிட்டால் போதும். பூ வேண்டும் என்றால் செங்காந்தள். மாநில மலர் என்ற பெருமைக்காக இல்லை. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு என அந்த இதழே நனைந்த தாளில் வண்ணம் ஓடியதுபோலத்தான் பூக்கிறது. ஓரம் நெளிநெளியாக இருப்பதால் கோடு போட்டாலும் கறாராகத் தெரியாது. மஞ்சளைச் சற்று ஆரஞ்சுப் பக்கம் தள்ளினால் தோலில் தங்கும்.

கோடு வேண்டாம் என்பவர்கள் ஒரு சின்ன உயிரணுவைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. வெளியிலிருந்து புகுந்ததை விழுங்குவதற்கென்றே உடம்பில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள், டாட்டூ மையையும் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. பிரான்ஸின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலியின் வாலில் பச்சை மையைக் குத்திப் பார்த்து 2018இல் வெளியிட்ட முடிவு சுவையானது. அந்த அணுக்கள் சாகும்போது மையைக் கக்குகின்றன; அடுத்து வரும் அணுக்கள் அதைப் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றன. நிரந்தரம் என்று சொல்வது உண்மையில் ஒரு கைமாற்றல். ஆண்டுகள் போகப் போக ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்குகின்றன. கலங்கிய தடித்த கோடு அப்போதும் கோடுதான். ஓரமே இல்லாத வெளிர் வண்ணம் கலங்கினால் மிஞ்சுவது ஒரு கறை. ஆறாத கன்றலோ என்று பக்கத்து வீட்டு அத்தை விசாரிப்பார்.

இதற்காகப் படத்தைச் சுற்றி வேலி போட வேண்டியதில்லை. வண்ணம் எங்கே வேண்டுமானாலும் வழியட்டும். அதற்கடியில் எலும்புக்கூடு மாதிரி மெல்லிய கருப்பு இருந்தால் போதும். பறவைக்கு அலகு, கண், இறக்கையின் மேல் வரம்பு. பூவுக்குக் காம்பும் மகரந்தத்தாளும். வண்ணம் பாதியாக மங்கினாலும் பறவை பறவையாகவே இருக்கும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். தற்செயலாகத் தெறித்ததுபோல் தெரியும் ஒவ்வொரு துளியும் முன்கூட்டியே வரைந்தது. தூரிகை கிடையாது, ஓடும் தண்ணீரும் கிடையாது. வரிசையாக ஊசிகள் அடுக்கிய மேக்னம் நீடிலைச் சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் காற்றுபோலவும் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வைத்துத்தான் அந்த ‘வழிசல்’ பிறக்கிறது. கருப்பும் அடர் நிறமும் முதலில், வெளிர் நிறம் கடைசியில். மாற்றிச் செய்தால் துடைக்கும்போது மஞ்சள் அழுக்காகிவிடும். ஸ்டென்சிலின் ஊதாக் கோடு வெளிர் வண்ணத்துக்குள் கலந்துவிடாமல் இருக்க, தெறிப்புகளை மட்டும் தோல் மார்க்கரால் கையிலேயே வரைந்துகொள்கிறவர்களும் உண்டு. சாதாரண அவுட்லைன் வேலையில் தேர்ந்தவர் எல்லோருக்கும் இது வந்துவிடாது. அவர் போட்ட வாட்டர்கலர் வேலையில், ஆறி இரண்டு ஆண்டுகளான, மாநிறத் தோல் படம் ஒன்றைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட இல்லை என்றால் வேறு கடை பார்ப்பதில் தவறில்லை.

இங்கே விலை பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கு. அதனாலேயே வாட்டர்கலர் கெட்டுப்போகிறது. காலி இடத்துக்கும் காசா என்று வாடிக்கையாளர் படத்தைச் சுருக்கச் சொல்கிறார். துளிகளெல்லாம் நெருங்கி, நாளைக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெற்றுத் தோலும் படத்தின் பாகம்தான். உள்ளங்கை அகலமாவது இடம் கொடுக்க முடியாதவர்கள் வேறு பாணிக்குப் போவதே மேல்.

வண்ணத்தை வெளிறவைக்க மையை நீர்க்கச் செய்வது வழக்கம். என்ன தண்ணீர் என்று கேட்க வெட்கப்படக் கூடாது. 2011, 2012 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஒரே கடையில் டாட்டூ போட்டுக்கொண்ட 19 பேருக்குத் தோலில் தடிப்பு வந்து போகவே இல்லை. துருவிப் பார்த்தால், நீர்த்துத் தயாரித்து விற்ற சாம்பல் நிற மையில் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான ஒரு கிருமி இருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீர் என்றாலே கிருமி நீக்கியது என்று அர்த்தமில்லை. நிறமிகளிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மைகளுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது; ஓராண்டு அவகாசத்துக்குப் பின் பெரிதும் புழங்கிய ஒரு நீலத்தையும் ஒரு பச்சையையும் 2023இல் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அடக்கியது. புட்டியில் தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துவிடலாம் என்ற தைரியமும் இந்தப் பாணிக்கு உதவாது. லேசருக்குச் சுலபம் கருப்பு. மஞ்சளும் வெளிர் நிறங்களும் அடம்பிடிக்கும். வெளிர் மைகளில் வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, லேசர் பட்டதும் கருத்துப்போவதும் உண்டு. மாநிறத் தோலில் லேசர் மெலனினையும் பதம் பார்த்துத் தேமல் மாதிரித் திட்டு விட்டுச் செல்லக்கூடும்.

இடம் தேர்வதில் நம் ஊர் வெயிலுக்கு ஓட்டுரிமை உண்டு. தினம் வண்டி ஓட்டுகிறவரின் முன்கை மேல்புறம் வருஷம் முழுக்க வெயிலில் காய்கிறது. வெளிர் வண்ணம் அங்கே சீக்கிரம் தேயும். தோள்பட்டை, மேல்கையின் உட்புறம், முதுகு நல்ல இடங்கள். முன்கைதான் வேண்டும் என்றால், வண்டி ஓட்டும் பெண்கள் மாட்டும் நீளத் துணிக் கையுறை சன்ஸ்கிரீனைவிட நம்பகமான காவல்.

அன்று அந்தப் பெண்ணுக்குப் பறவை கிடைக்கவில்லை. ஆர்ட்டிஸ்ட் மேல்கையின் உட்புறத்தில் கடுகளவுக்கு மூன்று புள்ளி வைத்து அனுப்பினார்: அவள் கேட்ட மஞ்சள், வெளிர்நீலம், பிறகு தானாகச் சேர்த்த மயில்கழுத்து நீலம். ஆறு வாரம் கழித்து வந்து கையை விளக்குக்கு அடியில் நீட்டியபோது, மஞ்சள் இருந்த இடத்தை இரண்டு பேரும் சேர்ந்து தேட வேண்டியிருந்தது. மூன்றாவது புள்ளி வாசலிலிருந்தே தெரிந்தது. போனை எடுத்து மீன்கொத்தி என்று தட்டினாள்.