மாமி ஏன் சஹனில் உட்காருவதில்லை?



எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதுதான் வழக்கம். அப்படிக் குடியேறியவன் நான். வந்த நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். என் மாமி எந்தக் கலியாண வீட்டிலும் சஹனில் உட்கார மாட்டார்கள். கேட்டால், "பசியில்ல மகன்" என்பார்கள்.

ஒரு ரமழானில், நோன்பு திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நெஞ்சு படபடத்து, வியர்த்து, அப்படியே சாய்ந்துவிட்டார்கள். அப்போதுதான் மனைவி விஷயத்தைச் சொன்னாள். 80களில் மாமிக்கு அல்சருக்காக வயிற்றைத் திறந்தார்களாம். பித்தப்பையில் கல் இருக்கவே, அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓட்டம். இப்படி ஆகலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியனுப்பவில்லை. வெட்கத்தில் அவர்களும் யாரிடமும் கேட்கவில்லை. இருபது வருடங்கள்!

பிறகு ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். இரைப்பை என்பது ஒரு களஞ்சியம். அதன் கீழ்வாசல் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்கு விடும். அந்தக் காலத்து அல்சர் அறுவையில், அமிலத்தைக் குறைக்க வேகஸ் நரம்பை வெட்டுவார்கள். வெட்டினால் இரைப்பை சரியாகக் காலியாகாது. ஆகவே வாசலையும் அகலமாக்கிவிடுவார்கள். பிறகு உண்டதெல்லாம் ஒரேயடியாகச் சிறுகுடலில் கொட்டும். இனிப்பாக இருந்தால் அது உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கும். உடனே படபடப்பு, வயிற்றுப் பிசைவு, பேதி. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சீனி இறங்கி மயக்கமும் வரும். இதற்கு 'டம்பிங்' என்று பெயர்.

பித்தப்பையும் இல்லையென்றால் தொல்லை இரட்டிப்பாகும். பித்தநீரைச் சேர்த்து வைக்க இடமில்லை. அது ஓயாமல் கசியும். மிகுதி பெருங்குடலுக்குப் போனால் தண்ணீராகப் போகும். திறந்த வாசல் வழியாக மேலே ஏறினால் கசப்பு வாந்தி. பித்தத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் என்ற தூள் மருந்து இருக்கிறது. மாமிக்கு அது கைகொடுத்தது.

இன்று அல்சருக்கு இப்படி வெட்டுவது அபூர்வம். பெரும்பாலான புண்களுக்கு ஒரு கிருமியும் வலிநிவாரணி மாத்திரைகளுமே காரணம். அக்கிருமியை அவுஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982இல் வொரனும் மார்ஷலும் கண்டறிந்தார்கள். நம்ப மறுத்தவர்களுக்காக 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்துக் காட்டினார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் முன்னர் அறுவை செய்துகொண்ட உம்மாமார் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள் அல்லவா?

அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக் கொடுங்கள். முட்டை, மீன் முதலில். சோறோ பிட்டோ கொஞ்சமாக. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரைமணி கழித்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். இரத்தசோகை வரலாம், இரும்புச்சத்தையும் பி12ஐயும் சோதிக்க வேண்டும். மெலிந்துகொண்டே போனாலோ, மலம் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காதீர்கள்.

நோன்பை டாக்டரிடம் கேட்டே பிடிக்க வேண்டும். நோயாளிக்குச் சலுகை அல்பகரா 184ஆம் வசனத்திலேயே இருக்கிறது. குணமாகும் நோய் என்றால் பின்னர் கழாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லையென்றால், நமது ஷாபிஈ மத்ஹபின்படி நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் பித்யா. இதை மறைத்து நோன்பு பிடித்து மயங்கி விழுவது பேணுதல் அல்ல. பிடிக்க முடிந்தவர்கள் ஒரு பேரீச்சம்பழத்தோடும் இரண்டு மிடறு தண்ணீரோடும் திறந்து, மஃரிபைத் தொழுதபின் சிறிது சிறிதாக உண்ணட்டும். சர்பத் கிளாஸை அவர்கள் பக்கம் நகர்த்தாதீர்கள்.

சென்ற மாதம் ஒரு கலியாணத்தில் மாமி உட்கார்ந்தார்கள். சஹனில் அல்ல, தனிக் கோப்பையில். மீனைத் தின்றார்கள், தண்ணீர் கேட்கவில்லை. வட்டிலப்பம் வந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.