ஏழு கட்டளை எழுதச் சோம்பலா?

மைக்ரோகண்ட்ரோலரில் புரோகிராம் எழுதுகிறவர்களில் ஒரு கோஷ்டி உண்டு. எங்கே சிக்கினாலும் ஒரு பிரிண்ட்எஃப். அது போதவில்லையா, பத்து பிரிண்ட்எஃப். "அதான் சீரியல் போர்ட்டில் எல்லாம் வந்து விழுகிறதே, வேறென்ன வேண்டும்?" என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். 40 எழுத்துள்ள ஒரு வரி போய்ச் சேரவே 40 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் பிராசசர் காத்துக் கிடந்தால், நேரம் சம்பந்தப்பட்ட பிழை எதுவும் அங்கே தங்கியிருக்காது. மேளதாளத்தோடு திருடனைப் பிடிக்கப் போகிற கதை :-)

இன்னொரு கோஷ்டி கொஞ்சம் வசதியானது. "ஜேடேக் பெட்டி ஒன்று வாங்கி மாட்டு, வேலை முடிந்தது." இன்றைக்குப் பல போர்டுகளில் அந்தப் பெட்டி கூடவே ஒட்டி வருகிறது, விலையும் ஒரு பொருட்டில்லை. மேஜை மேல் இருக்கிறவரை அருமையான சாமான்தான். ஆனால் அதே சிப்பை ஒரு டப்பாவுக்குள் அடைத்து, அந்தப் பின்களை வெளியே எடுக்காமல், ஒரே ஒரு சீரியல் ஒயரை மட்டும் விட்டு எங்கேயோ மாட்டிய பிறகு? பெட்டி மேஜையில் இருக்கும், பிழை அங்கே இருக்கும்.

இந்த இரண்டு பேரும் ஒதுக்கித் தள்ளுகிற விஷயம்தான் ஸ்டப். சிப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சின்ன புரோகிராம். மூளை முழுக்க கம்ப்யூட்டரில் ஓடும் ஜிடிபியிடம் இருக்கிறது (1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆரம்பித்த டீபக்கர்). மாறிகளின் பெயர், சோர்ஸ் கோடின் வரி எண் எதுவும் ஸ்டப்புக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அது ஒரு எடுபிடி. ஏன் நின்றாய், ரெஜிஸ்டர்களைக் காட்டு, மாற்று, மெமரியைக் காட்டு, மாற்று, ஓடு, ஒரு அடி நட. ஆக மொத்தம் ஏழு கட்டளை. தெரியாத கட்டளை வந்தால் வெற்றுப் பதில் அனுப்பினால் போதும், "இவனுக்கு இது வராது" என்று ஜிடிபி புரிந்துகொள்ளும். இந்த வெற்றுப் பதில்தான் மொத்த ஏற்பாட்டிலேயே புத்திசாலித்தனமான இடம். அதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாக் கட்டளையையும் எழுதியே தீருவேன் என்று மாதக்கணக்கில் உட்காருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பேசும் முறையும் மளிகைக்கடைக் கணக்கு மாதிரிதான். டாலர் குறி, செய்தி, ஒரு ஹேஷ் குறி, கடைசியில் செய்தியிலுள்ள எல்லா எழுத்துகளின் கூட்டுத்தொகை. 256-ஐத் தாண்டினால் மீதி மட்டும், ஹெக்ஸில் இரண்டு இலக்கம். கூட்டல் சரியாக வந்தால் ஒரு பிளஸ், இல்லாவிட்டால் மைனஸ், திரும்ப அனுப்பு. ரெஜிஸ்டர் கேட்கும் சின்ன 'ஜி' கட்டளைக்குக் கூட்டுத்தொகை 67. ஒரே எழுத்து, அதனுடைய மதிப்பே அதுதான். காமர்ஸ் படிக்கிறவனுக்கும் புரிகிற கணக்கு. சில நூறு வரி சி கோடில் முடிந்துவிடும். 68000, ஸ்பார்க், 386 சிப்புகளுக்கான மாதிரி ஸ்டப்புகள் ஜிடிபியின் சோர்ஸ் கோடோடேயே வந்தன. அவற்றில் போர்டுக்காரர் எழுத வேண்டியது முக்கியமாக ஒரு எழுத்தை வாங்கும் ஃபங்ஷன், ஒரு எழுத்தை அனுப்பும் ஃபங்ஷன், எக்ஸெப்ஷனைக் கொண்டுவந்து கோர்க்கும் வேலை, அவ்வளவுதான்.

"பிராசசரை நிறுத்தத்தானே போகிறாய், அதைப் பெட்டியும் செய்யுமே" என்று கேட்கலாம். இங்கேதான் பெட்டிக்காரர்கள் தோற்கிறார்கள். வெளியிலிருந்து நிறுத்தினால் மொத்த கோரும் நின்றுவிடும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இன்டரப்ட்டும் நிற்கும், புளூடூத் இணைப்பும் அறுந்துபோகும். கார்டெக்ஸ்-எம்3, எம்4 சிப்புகளில் டீபக் மானிட்டர் என்று ஒரு எக்ஸெப்ஷன் உண்டு. ஸ்டப்பை அதில் வைத்து முன்னுரிமையைக் குறைத்துவிட்டால், அதற்கு மேலே உள்ள இன்டரப்ட்டுகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். புரோகிராம் நிற்கும், மோட்டார் நிற்காது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஜிடிபி சாதாரணமாக பிரேக்பாயிண்ட் வைப்பது, அந்த இடத்தில் ஒரு டிராப் கட்டளையை மெமரியில் எழுதித்தான். புரோகிராம் ஃபிளாஷில் இருந்தால் அப்படி எழுத முடியாது. ஆகவே ஹார்ட்வேர் பிரேக்பாயிண்ட் என்ற எட்டாவது கட்டளையையும் சேர்க்க வேண்டிவரும். எம்3, எம்4-ல் பொதுவாக ஆறு வைக்கலாம், ஆறுக்கு மேல் கேட்கிறவருக்குத் தேடுகிற பிழை எதுவென்றே தெரியவில்லை என்று அர்த்தம். ஸ்டப்புக்குத் தனி ஸ்டாக் கட்டாயம். இல்லையென்றால் ஸ்டாக்கைக் கெடுத்த புரோகிராம் ஸ்டப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும்.

திறந்து வைத்த கதவு என்ற புகாரும் நியாயமானதுதான். மெமரியை யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத விடும் புரோகிராமை விற்கிற பொருளில் அப்படியே விட்டுவைப்பது மடத்தனம். போர்டில் ஒரு ஜம்பரைச் சொருகினால் மட்டும் எழுந்திருக்கும்படி வையுங்கள். அதற்காக ஸ்டப்பையே எழுத மாட்டேன் என்பது, பூட்டு வாங்கச் சோம்பல்பட்டு வாசலே இல்லாமல் வீடு கட்டுவது.

கார்டெக்ஸ்-எம்0 வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அதில் டீபக் மானிட்டர் கிடையாது. பிரேக்பாயிண்டை ஹார்ட்ஃபால்ட்டில் பிடித்துவிடலாம், ஆனால் அடி அடியாக நடக்கவைக்க சிப்பிடமிருந்து உதவி வராது. அங்கே மட்டும் பெட்டிக்காரர்கள் சொல்வதே சரி.