மொட்டைக் கடுதாசிக்குக் குரல் வந்தால்

கையெழுத்தில்லாத மனுவை எங்கள் அலுவலகத்தில் மொட்டைக் கடுதாசி என்போம். கோப்பில் எழுதும்போது மட்டும் 'பெயரிலி மனு' என்று மரியாதையாக எழுதுவோம். இப்போது அந்த மொட்டைக் கடுதாசிக்குக் குரல் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் பதறிக்கொண்டே பேசுகிறார். பெயர் சொல்வதில்லை, தேதி சொல்வதில்லை. "தயவுசெஞ்சு எல்லாருக்கும் அனுப்புங்க" என்பதை மட்டும் மறக்காமல் சொல்கிறார்.

இந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டதும் நம்மில் பலர் துப்பறியக் கிளம்பிவிடுகிறோம். துப்பறிவதில் தவறில்லை. ஆனால் எதைத் துப்பறிகிறோம் என்பதில்தான் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லவே இந்தப் பதிவு.

நான் இளநிலை உதவியாளராகத் தபால் பார்த்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று மொட்டைக் கடுதாசியாவது வரும். கீழே 'உண்மை விளம்பி' என்றோ 'பொதுமக்கள்' என்றோ இருக்கும். உடனே பிரிவில் ஒரு பரபரப்பு. இந்த 'ழ'கரம் யாருடையது, இந்தப் பச்சை மை யார் பேனா என்று வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க ஒரு கூட்டம் கூடிவிடும். எங்கள் கண்காணிப்பாளர் அதை அனுமதிக்க மாட்டார். "எழுதினவனைத் தேடினா ஆபீஸ் ரெண்டாப் போயிரும். எழுதினதைப் பாருங்கய்யா" என்பார். சர்வே எண் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, தொகை இருக்கிறதா? இருந்தால் பதிவேட்டை எடுத்துச் சரிபார்ப்போம். ஒன்றுமில்லாமல் வசவு மட்டும் இருந்தால் கோப்பில் கட்டிவைத்துவிடுவோம்.

இதில் அரசே மாறி மாறித்தான் யோசித்திருக்கிறது. பெயரில்லாத புகார்கள் மேல் நடவடிக்கையே கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-இல் உத்தரவிட்டது. சரிபார்க்கக்கூடிய விவரம் இருந்தால் ஆணையத்தின் இசைவோடு பார்க்கலாம் என்று 2002-இல் தளர்த்தியது. 2014-இல் மறுபடி பழைய நிலைக்கே போனது. அந்த 2002-ஆம் ஆண்டு வழிதான் என் மனதுக்கு ஒப்புகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கடிதத்தைவிடக் குரல் ஆபத்தானது. கடிதத்தைப் படிக்க ஒரு நிமிடம் நிதானம் வேண்டும். குரல் நேரே உள்ளே போய்விடும். மூச்சிரைப்பும் அழுகையும் சேர்ந்துவிட்டால், புத்தி விழிப்பதற்குள் உடம்பு எழுந்து நின்றுவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் அது விடுவதில்லை.

2018 மே மாதம் நடந்தது நினைவிருக்கும். வட மாவட்டங்களில் பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்திகளும் ஒலிப்பதிவுகளும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் கூட்டத்திடம் சிக்கியது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். 65 வயதுப் பெண்மணி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஓர் ஒலிப்பதிவால் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் கலவரம் மூண்டு, 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. சாதிப் பெயரைச் சொன்னாலே அரிவாள் தேடும் நம் திருநெல்வேலிச் சீமைக்கு அப்படி ஒரு குரல் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊருக்கு வேறு மாதிரி ஒன்று வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தாமிரபரணி வண்ணாரப்பேட்டைக்குள் ஏறி வந்தாள். கரண்டும் போனும் திரும்பி வந்த அன்று மாலை, எங்கள் தெருவில் பல போன்களில் ஒரே குரல். "பாபநாசம் அணை மதகு உடைஞ்சிட்டு. தண்ணி 160 அடியத் தாண்டிட்டு. ராத்திரிக்குள்ள ஜங்ஷன் முங்கிரும். கலெக்டர் ஆபீஸ்ல இருக்க ஃப்ரெண்டு சொன்னான்."

எதிர்வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், இருட்டில் வெளியேற அந்தக் குடும்பம் தயாராகிக்கொண்டிருந்தது. நான் ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் சொன்ன விஷயம். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. அதற்குள் 160 அடி தண்ணீர் நிற்காது. பக்கத்துச் சேர்வலாறே 156 அடிதான், மணிமுத்தாறு 118. நம் ஊர்ப் பத்திரிகையில் தினமும் வருகிற கணக்கு இது. அடுத்தது தேதி. 'இன்று ராத்திரி' என்கிறாரே தவிர, எந்த ராத்திரி என்று இல்லை. கோப்பின் பெயரில் இருக்கும் தேதி, அது நம் போனுக்கு வந்த தேதி. பேசிய தேதியை அது சொல்லாது. மூன்றாவது, தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கை மாறி வந்த சரக்கு என்று அர்த்தம். 2018 கொலைகளுக்குப் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அம்புக்குறியெல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை. கடைசியாக 1077-ஐக் கூப்பிட்டேன். அது மாவட்டப் பேரிடர் உதவி எண். மதகு உடையவில்லை, உபரி நீர்தான் திறந்துவிடப்படுகிறது என்றார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் மாடியிலேயே தங்கினார்கள்.

பிறகு ஒருவர் பின் ஒருவராக, உங்களுக்கு இது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனேன். பக்கத்து வீட்டுக்காரர், அவர் மருமகன், மருமகனின் கோயம்புத்தூர் நண்பர் என்று ஏழு பேர் தாண்டி, பெங்களூரில் ஓர் அலுவலகக் குழுவில் நூல் அறுந்துபோனது. பேசியவரை அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஏழு பேரும் அனுப்பியிருக்கிறார்கள்.

என் விசாரணை இப்படிப் போக, தெருவில் வேறொரு விசாரணை நடந்தது. 'உடைஞ்சிட்டு' என்கிறான், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பேச்சு என்றார் ஒருவர். மதகு பற்றியெல்லாம் பேசுகிறான், அணையில் வேலை பார்த்தவனாகத்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். அரை மணி நேரத்தில் ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவரின் பெயர் வந்துவிட்டது. "அவரு குரலேதான் அண்ணாச்சி" என்று இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். தண்ணீர் வடிந்ததும் நாலு இளவட்டங்கள் அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். மனுஷன் வைத்திருந்தது ஒரு பட்டன் போன். அதில் வாட்ஸ்அப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அதைக் காட்டியதால் தப்பித்தார். மகன் வாங்கிக் கொடுத்த பெரிய போன் ஒன்று கையில் இருந்திருந்தால் அவர் கதி என்ன?

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கொர்போ' என்பார்கள். அண்டங்காக்கை என்று பொருள். கிளூஸோ 1943-இல் அதே பெயரில் எடுத்த படத்திலிருந்து வந்த வழக்கு அது. நம் வீட்டில் காக்கை கரைந்தால் விருந்து வரும். அங்கே காக்கை என்றால் வினை.

1984 அக்டோபர் 16 அன்று கிழக்குப் பிரான்ஸில் வோலோன் ஆற்றில் கிரெகொரி என்ற நான்கு வயதுச் சிறுவன் பிணமாகக் கிடந்தான். அதற்கு முன் பல ஆண்டுகளாக அந்தக் குடும்பத்துக்குக் கரகரத்த குரலில் பெயரில்லாத தொலைபேசி அழைப்புகளும் கடிதங்களும் வந்துகொண்டிருந்தன. பிரான்ஸே துப்பறிவாளராக மாறியது. உறவினர் ஒருவர் மேல் சந்தேகம் விழுந்து, கைதாகி, விடுதலையானார். 1985 மார்ச் 29 அன்று சிறுவனின் தகப்பனே அவரைச் சுட்டுக் கொன்றார். பிறகு சந்தேகம் பெற்ற தாயின் மேலேயே திரும்பியது. அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்ல 1993 ஆயிற்று. இத்தனைக்குப் பிறகும் அந்தக் காக்கை யார் என்று நிரூபணமாகவில்லை.

குரலை அடையாளம் காண்பதில் நம் காது அவ்வளவு கெட்டி இல்லை. அமெரிக்காவில் லிண்ட்பெர்க் குழந்தைக் கடத்தல் வழக்கில், ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன் இருட்டில் கேட்ட இரண்டொரு சொல்லை வைத்து 'இதே குரல்' என்று தகப்பனார் சாட்சி சொன்னார். இது சாத்தியமா என்று பிரான்சிஸ் மெக்கீ என்ற ஆய்வாளர் சோதித்து 1937-இல் வெளியிட்டார். முன்பின் தெரியாத குரலை மறுநாள் சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 83 பேர். ஐந்து மாதம் கழித்து 13 பேர். இப்போதோ கணினியே ஒருவர் குரலைப் போல அச்சாகப் பேசுகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். பெயரில்லாத குரல் வந்தால் சொன்னதைச் சோதியுங்கள், சொன்னவரைத் தேடாதீர்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை அடி, எந்த அதிகாரி என்று பாருங்கள். சரிபார்க்கிற வரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். குற்றமாகத் தெரிந்தால் காவல் நிலையத்தில் கொடுங்கள். ஆளைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை, அதற்கு அவர்கள் கோர்ட்டில் பதில் சொல்லியாக வேண்டும். தெருவில் நின்று பெயர் சொல்கிறவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வகையில் அவரும் ஒரு மொட்டைக் கடுதாசிதான்.

பயந்துபோய்ப் பெயரை மறைத்து உண்மை சொல்கிறவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். மணல் கொள்ளையைப் பற்றிச் சொல்ல நினைக்கும் ஏழைக்குப் பெயர் போட என்ன தைரியம் வரும்? அதனால்தான் அந்த 2002 வழி எனக்குப் பிடிக்கிறது. விவரம் இருந்தால் அதைச் சரிபார்த்து நியாயம் செய்யலாம், அவர் யாரென்று தெரியாமலேயே. அவரைத் தேடாமல் இருப்பதுதான் அவருக்கும் பாதுகாப்பு, அந்த லஸ்கரைப் போன்றவர்களுக்கும் பாதுகாப்பு.

அடுத்த வடகிழக்குப் பருவமழை வரும். அணையும் நிரம்பும், போனும் அலறும். 1077-ஐ இப்போதே எழுதி வாசற்கதவில் ஒட்டிவையுங்கள்.