பட்டாவில் பெயரில்லாதவர்களும் எரிவாயு மின்சாரமும்

இந்தியாவில் எரிவாயுவிலிருந்து மின்சாரம் எடுக்க 2024இல் ஏறத்தாழ 25,000 மெகாவாட் திறனுள்ள நிலையங்கள் இருந்தன. அண்மை ஆண்டுகளில் அவை தம் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூட இயங்கவில்லை. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையை நம்பிக் கட்டப்பட்டவை பல. அங்கே உற்பத்தி சரிந்ததும் முடங்கின. உள்நாட்டு எரிவாயுவில் முன்னுரிமை வீட்டுக் குழாய்களுக்கும் வாகனங்களுக்கும் போய்விட்டது. இறக்குமதி எரிவாயுவில் எடுக்கும் மின்சாரமோ மின்வாரியங்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. 2024 கோடையில் மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் இந்த நிலையங்களை இயக்கச் சொன்னது ஒன்றிய அரசு. நாட்டின் மொத்த ஆற்றலில் எரிவாயுவின் பங்கை 2030க்குள் 15 விழுக்காடாக உயர்த்துவோம் என்றும் சொல்கிறது.

இதைப் பற்றிய விவாதமெல்லாம் விலையையும் கரியமில வாயுவையும் சுற்றியே நடக்கிறது. எரிவாயு யாருடைய பிழைப்பின் மீது எடுக்கப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

காவிரிப் படுகையைப் பாருங்கள். திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் தமிழ்நாடு மின்வாரியம் அமைத்த நிலையங்கள், டெல்டா மண்ணின் அடியிலிருந்து வரும் எரிவாயுவில் இயங்குபவை. திருவாரூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதற்காக 1968இல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இருப்பதும் இதே டெல்டாவில்தான்.

வயலில் குழாய் பதிக்க 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் போதும். நிலத்தை அரசு வாங்குவதில்லை. பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடும், பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடும் உண்டு. இரண்டுமே நிலத்தில் உரிமையுள்ளவருக்குப் போகும். அந்த வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, அறுவடை செய்தவருக்கு அந்தப் பருவத்தின் வேலைநாட்கள் போனதுதான் மிச்சம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் விவசாயக் கூலிகளையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று ஏற்கிறது. 'நிலத்தைக் கையகப்படுத்தவே இல்லையே' என்ற வாதம் குழாய் விஷயத்தில் அந்தக் கதவையும் அடைத்துவிடுகிறது.

நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017இல் மக்கள் போராடினார்கள். அந்தப் போராட்டங்களின் விளைவுகளில் ஒன்று 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். அது புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. ஏற்கெனவே நடப்பவற்றைத் தொடவில்லை. ஆனாலும் அது பெரிய வெற்றி. அந்த வெற்றிக்குள் நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. 'விவசாயியைக் காப்போம்' என்னும்போது நிலம் வைத்திருப்பவரும் அவரிடம் கூலிக்குப் போகிறவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கும் இடத்தில், பாதிப்பு மட்டும் எப்படிப் பொதுவாகும்?

எரிவாயு நிலக்கரியைவிடத் தூய்மையானது என்பார்கள். எரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயு ஏறக்குறைய பாதிதான். ஆனால் கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேன் அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். கசிவின் பக்கத்தில் குடியிருப்பவர் யார் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே, குழாய்ச் சட்டத்தின் இழப்பீட்டில் கூலித் தொழிலாளர்களுக்கு, இழந்த வேலைநாட்களின் அடிப்படையில், தனிப் பங்கு வேண்டும். இயங்கும் ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் நிலமற்ற குடும்பங்களைக் கணக்கெடுக்க வேண்டும். இந்த நிலையங்கள் மூடப்படும் நாளில் மாற்று வேலைத் திட்டம் அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். சூரிய மின்சக்திக்கு மாறினாலும் இதே கேள்வி நிற்கும். பூங்கா அமைக்கவும் நிலம் வேண்டும், அங்கேயும் பட்டாவைத்தான் கேட்பார்கள்.