வானத்தின் மீது பழி போடும் முன்

மீஞ்சூர், பழவேற்காடு பக்கத்து மக்களுக்கு வானத்தில் நெருப்பைப் பார்ப்பது புதிதல்ல. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும், பிள்ளைகள் மொட்டை மாடியில் ஏறி நிற்பார்கள். அறிவிப்பே இல்லாத ஓர் இரவில் தீப்பந்து தெரிந்தால்தான் குழப்பம். விண்கல், ஏவுகணை, கியாமத்தின் அடையாளம் என்று வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு தீர்ப்பு வந்துவிடும்.

எத்தனை நொடி தெரிந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விண்கல் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழைகிறது, சில நொடிகளில் மறைந்துவிடும். பழைய ராக்கெட் பாகமோ நொடிக்கு சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில், துண்டு துண்டாக உடைந்து, ஒரு நிமிடத்துக்கு மேலும் ஊர்ந்து போகும். 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிராவில் பலரும் விண்கல் மழை என்று படம் பிடித்தது இதைத்தான். சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது. சீனாவின் லாங் மார்ச் ராக்கெட்டின் மிச்சம் அது என்று நிபுணர்கள் கணித்தார்கள்.

இதைவிட நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டியது நாட்றம்பள்ளி. 2016 பிப்ரவரி 6 அன்று அங்குள்ள பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்தது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்து, 1 லட்சம் ரூபாய் நிவாரணமும் வழங்க உத்தரவிட்டார். படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. சிறிய விண்கல் வெகு உயரத்திலேயே வேகம் இழந்து, அணைந்து, வெறும் கல்லாக விழும். தரையில் விழுந்து வெடிகுண்டு போல் வெடிப்பதில்லை. ஒரு மரணத்தை வானத்தின் கணக்கில் எழுதிவிட்டால், பூமியில் யாருடைய அலட்சியம் என்று கேட்பதற்கு ஆளிருக்காது. ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அந்தக் கேள்வி நிவாரணத் தொகையைவிடப் பெரியது.

எரி நட்சத்திரம் விழுந்தால் பெரிய மனிதர் ஒருவர் பிறந்தார் அல்லது இறந்தார் என்று அறியாமைக் காலத்து அரபுகள் சொல்லி வந்தார்கள். யாருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் அது எறியப்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை முஸ்லிம் கிரந்தத்தில் காணலாம். இன்றைய ஃபார்வர்டு செய்திகளுக்கும் அது பொருந்தும்.

நம் கடற்கரைக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் துணை மோட்டார் சிக்கியது. இப்படி எது கிடைத்தாலும் இரும்புக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். நச்சு எரிபொருள் மிச்சம் இருக்கலாம், தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கண்ணைக் கூசும் ஒளி தெரிந்தால் பிள்ளைகளை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். ஒளியைப் பார்க்க ஜன்னலருகே வந்து நின்ற பலரின் மீது, ஓரிரு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியை உடைத்துக் கொட்டியது.